பளபளப்பு யாருக்கு? ஒரு ஹோஃப்னர் பேஸ் கிட்டாரைச் சீர்செய்தது பற்றி

குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கித் திறந்தபோது முதலில் வந்தது கற்பூர வாடை. பூஜை அறை உள்ள வீடு அல்ல அது. மாதா படம் மாட்டிய வீடு. எங்கிருந்து வாடை என்று வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் பெட்டிக்குள் குனிந்து மோந்து பார்த்தேன். கிட்டாரின் விளிம்பைச் சுற்றி ஓடுகிற வெள்ளைப் பட்டையும் முகத்தில் திருகியிருந்த முத்துச்சிப்பி நிறத் தகடும் செல்லுலாய்டு. செல்லுலாய்டு என்பது நைட்ரிக் அமிலம் கண்ட பருத்தியோடு கற்பூரத்தைச் சேர்த்துச் செய்வது. நாளாக ஆகக் கற்பூரம் வெளியேறும். பிறகு அமில ஆவியும் வெளியேறும், பக்கத்தில் இருக்கும் இரும்பையெல்லாம் தின்னும். வெளியிலிருந்து வங்காள விரிகுடா தின்றது பாதி, உள்ளேயிருந்து இது தின்றது மீதி. சாவிகள் நான்கும் துருப்பிடித்து இறுகியிருந்தன.

பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஹோஃப்னர் 500/1, வயலின் வடிவ பேஸ் கிட்டார். பால் மெக்கார்ட்னி கையில் பார்த்திருப்பீர்களே, அதே மாடல். 1971-இல் ஜெர்மனியில் வாங்கியது. வாங்கியவர் வீட்டுக்காரரின் அப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரிக்காரர்களுக்கு இது ஆச்சரியமில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் ஒன்று அது. அந்தக் குடும்பத்து ஆண்களை ஊரில் 'சொல்தா' என்போம். போருக்குப் பிறகு பிரெஞ்சுப் படை ஜெர்மனியில் பல காலம் முகாமிட்டிருந்தது, பாடன்-பாடன் பக்கம். பதினைந்து வருஷம் சேவை முடித்து ஓய்வூதியத்தோடு திரும்பி வந்தவர்கள் கைக்கடிகாரமும் ரேடியோவும் கொண்டுவந்தார்கள். இவர் பேஸ் கிட்டாரும் கொண்டுவந்தார். வந்த பிறகு கோயில் பாடகர் குழுவிலும், கடலூர் விழுப்புரம் வரைக்கும் போய் மெல்லிசைக் கச்சேரிகளிலும் வாசித்தார். தொண்ணூறுகளில் கீபோர்டே இடது கையில் பேஸ் வாசித்துவிடும் என்ற நிலை வந்ததும் கிட்டார் பரணுக்குப் போனது.

இது நடந்தது 2019-இல். மகன் என்னிடம், "அண்ணே, இத பழைய மாதிரி ஆக்கணும். பப்பாவோட எண்பதாவது பிறந்தநாள் வருது, அதுக்குள்ள முடிச்சிடலாமா?" என்று கேட்டார். ஒரு வெளியூர்ப் பட்டறையைச் சொல்லி அனுப்பிவைத்தவன் நான்தான். அங்கே நடந்த வேலையைப் பற்றிய விமர்சனம்தான் இந்தக் குறிப்பு. அதனால் என் பங்கையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன்: "பழைய மாதிரி" என்றால் என்ன என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. வேலை நன்றாகத்தான் இருந்தது. இதை வேண்டுமென்றே முன்னால் சொல்கிறேன், ஏனென்றால் இந்தமாதிரி விஷயங்களில் குறை சொல்பவர்கள் நல்ல வேலையைப் பார்க்க மறுப்பார்கள். தேய்ந்திருந்த மெட்டுகளைச் சமமாக்கியிருந்தார்கள் (ஃப்ரெட் என்பதற்கு வீணைக்காரர்களின் சொல்லைப் பயன்படுத்துகிறேன், அழகான சொல்). எலும்பில் புது நட் வெட்டி, நான்கு கம்பிக்கும் அளவாகப் பள்ளம் எடுத்திருந்தார்கள். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஒட்டு விட்டிருந்தது. அதைப் பிரித்துச் சாய்மானத்தைத் திருத்தி மறுபடி ஒட்டியிருந்தார்கள். நான்கு கம்பிகளும் சேர்ந்து ஓர் ஆளின் எடை அளவுக்கு அந்தக் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். முப்பது வருஷம் கம்பியைத் தளர்த்தாமல் பரணில் வைத்திருந்தால் ஒட்டு விடாமல் என்ன செய்யும்? இந்த மூன்று வேலைகளும் ஒரு நல்ல கைக்காரர் செய்தவை. யார் வாசித்தாலும் விரல் சொல்லும்.

மற்றவை கண்ணுக்காகச் செய்தவை. பழைய பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிதாகச் சூரியப் பொன்னிறம் ஏற்றி, மேலே பி.யூ. கோட்டிங் அடித்திருந்தார்கள். மஞ்சளேறிப் போன செல்லுலாய்டுத் தகட்டை எடுத்துவிட்டுப் பால் வெள்ளை பிளாஸ்டிக். "செத்துப்போச்சு" என்று இரண்டு பிக்கப்பையும் கழற்றிவிட்டுப் புதுசு இரண்டு, கூடவே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு. பழைய தட்டைக் கம்பிகள் குப்பையில். பதிலாகச் சுருள் கம்பி.

போனில் நான் கேட்டிருந்ததால் பழைய பிக்கப்புகள் மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டித் திரும்பி வந்தன. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்று நிஜமாகவே செத்திருந்தது, சுற்று எங்கோ அறுந்திருந்தது. இன்னொன்று உயிரோடு இருந்தது. நல்ல உயிரோடு. சத்தம் வராததற்குக் காரணம் துருப்பிடித்த வால்யூம் கன்ட்ரோலும் ஈயம் விட்ட ஒரு ஒயரும்தான். டிவி மெக்கானிக் யாரிடம் கொடுத்திருந்தாலும் கான்டாக்ட் கிளீனரை ஒரு தடவை பீய்ச்சிவிட்டு அரைமணியில் பாடவைத்திருப்பார். உயிரோடு இருந்ததை எடுத்துக் கவரில் போட்டுவிட்டுப் புதுசு வைத்ததைச் சீரமைப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பிக்கப் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். மின் கிட்டாரில் குரல்வளை அதுதான். காந்தத்தைச் சுற்றித் தலைமுடி அளவே பருமன் உள்ள எனாமல் செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடி, செம்பில் மின்சாரம் பிறக்கும். எத்தனை சுற்று, எவ்வளவு இறுக்கம், காந்தம் எவ்வளவு வலு என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். ஹோஃப்னரின் குரல் என்று உலகத்துக்குத் தெரிவது மூன்று சேர்ந்தது: உள்ளே கூடாக இருக்கும் மர உடம்பு, அந்த பிக்கப், அந்தத் தட்டைக் கம்பி. ஃபெண்டர் பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம், ஹோஃப்னருக்கு 30 அங்குலம். முகப்பு ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கமும் மேப்பிள். வயலின் செய்கிற மரங்கள். ஒலி 'தும்' என்று எழும்பி உடனே அடங்கும், டபுள் பேஸின் தம்பி மாதிரி. பட்டறையிலிருந்து வந்தது 'டங்' என்று நீண்டு ஒலித்தது. கடையில் வாங்குகிற எந்தப் புது பேஸும் கொடுக்கிற சத்தம்.

தமிழ் ஆட்களுக்கு பேஸ் காதில் விழ ஆரம்பித்ததே தாமதம்தான், அதையும் சொல்ல வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி வினாடிக்கு 41 அதிர்வு. எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரில் உள்ளங்கை அகல ஸ்பீக்கர். இருநூறுக்குக் கீழே அது வாயே திறக்காது. மேலே உள்ள கிளை ஒலிகளை வைத்துக் காது தானாக ஊகித்துக்கொள்ளும். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் வரிகளை, அந்தப் பாடல்களை மனப்பாடமாகத் தெரிந்த ஒரு தலைமுறை, நாற்பது வயதுக்குமேல் ஹெட்போன் வாங்கித்தான் முதன்முறையாக முழுசாகக் கேட்டது. நானும் அதில் ஒருவன். மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர்கள் அந்தக் காலத்தில் அதை எப்படிப் பிடித்தார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். "கேசட்ட போட்டு ஸ்பீக்கர் பொட்டி மேல கைய வச்சுக்குவேன் தம்பி. காதுல விழாதது கையில தெரியும்" என்றார். அந்தக் கையால் இருபது வருஷம் வாசிக்கப்பட்ட கருவி இது. வலது முழங்கை படும் தோள்பட்டையில் பூச்சு தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெறும் மரம் தெரிந்தது. தலைப்பக்கத்தில் கம்பி நுனியில் சிகரெட்டைச் செருகி வைத்ததில் இரண்டு கருகல். வாலருகே பென்சிலில் ஏதோ ஃபிரெஞ்சில் எழுதியிருந்தார். படிக்கிற மாதிரி இல்லை. மூன்றும் இப்போது இல்லை.

நம்மூர் வாத்தியக்காரர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ தீர்த்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலாக்கட்டை தலைமுறை தாண்டும். வலந்தலை, தொப்பி, வார் எல்லாம் தோல், சாகிற பொருள். தேயத் தேய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூட்டு புதுசு, கட்டை பழசு. தாத்தாவின் மிருதங்கம் என்று பேரன் சொல்லும்போது தோல் தாத்தா காலத்துத் தோலா என்று யாரும் கேட்பதில்லை. வீணையில் இன்னும் நுட்பம். மெட்டுகளை மெழுகின் மேல்தான் பதிப்பார்கள். மெழுகு தளர்ந்து சுருதி பிசகினால் பிரித்தெடுத்து மறுபடி மேளம் கட்டுவார்கள். பின்னால் ஒருத்தன் வந்து பிரிக்கப்போகிறான் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது. இதற்குச் 'சீரமைப்பு' என்று தனிப் பெயரும் இல்லை. வாத்தியம் வைத்திருப்பதில் அதுவும் ஒரு பகுதி. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகத்தைப் படித்தவர்களுக்கு, எந்தப் பாகம் சாகலாம், எதைத் தொடக்கூடாது என்ற அறிவு யார் கையில் இருந்தது என்பதும், மேடையில் அவர்கள் பெயர் எவ்வளவு குறைவாகச் சொல்லப்பட்டது என்பதும் தெரியும்.

இதே கண்ணால் பேஸ் கிட்டாரைப் பார்த்தால் வரிசை தெளிவாகவே வரும். கம்பி சாகும். நட், மெட்டு, வால்யூம் கன்ட்ரோல், ஒயர் எல்லாம் சாகும், தாராளமாக மாற்றலாம். சாவி முடிந்தவரை எண்ணெய் போட்டு ஓட்டலாம், முடியாவிட்டால் மாற்றலாம். உடம்பும் கழுத்தும் கட்டை மாதிரி, இருந்தே ஆக வேண்டும். பிக்கப் செத்தால்கூடத் தூக்கிப் போடக்கூடாது. காந்தத்தையும் சட்டத்தையும் வைத்துக்கொண்டு செம்பை மட்டும் புதிதாகச் சுற்றலாம். சண்டை வருவது பூச்சில்தான். செல்லுலாய்டுத் தகட்டைப் பற்றி எனக்கு இன்னும் தீர்மானமில்லை. அழுக ஆரம்பித்த செல்லுலாய்டு பக்கத்து இரும்பைக் கெடுக்கும் என்பதால் அதைக் கழற்றித் தனியாக வைப்பது சரியென்றே படுகிறது. பட்டறைக்காரர் பக்கம் பேச இது ஒரு புள்ளி.

வெளியே இரண்டு பெரிய கதைகள் இருக்கின்றன, இந்த இடத்தில் உதவும். ஒன்று மெக்கார்ட்னியின் கிட்டாரேதான். 1961-இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினார். இடது கைக்காரருக்கு இருபுறமும் ஒரே வடிவமாக இருந்தது பிடித்திருந்தது. 1964-இல் அதைப் பழுதுபார்த்தபோது புதுப் பூச்சு அடித்தார்கள், இரண்டு பிக்கப்பையும் ஒரு மரச் சட்டத்தில் வைத்து மாட்டினார்கள். 1972 அக்டோபரில் லண்டன் நாட்டிங்ஹில்லில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. அரை நூற்றாண்டு கழித்து, தேடுவதற்கென்றே சிலர் சேர்ந்து ஒரு முயற்சி தொடங்கியபின், சசெக்ஸ் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் இருந்தது தெரியவந்து, அது அதே கிட்டார்தான் என்று 2024 பிப்ரவரியில் உறுதியானது. (பரண்! உலகம் முழுக்க பேஸ் கிட்டாருக்கு ஒரே முதியோர் இல்லம்.) அந்த டிசம்பரில் லண்டன் மேடையில் அதை அவர் மறுபடி வாசித்தார். எனக்கு முக்கியம் 1964 வேலை. இன்று அந்தக் கிட்டாரின் முகம் அந்தப் பழுதுபார்ப்புதான். 1961-இல் தொழிற்சாலையிலிருந்து வந்த தோற்றத்துக்கே கொண்டுபோகிறேன் என்று யாராவது கிளம்பினால் அடித்துத் துரத்துவார்கள்.

இன்னொன்று ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ். மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, விரல்பலகை மேல் படகுக்குப் பூசுகிற எபாக்ஸியைப் பூசிக்கொண்டவர் அவர். நம் கடற்கரையில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும்: பளபளப்புக்காகப் பூசியதில்லை, சுருள் கம்பி மரத்தை அறுக்காமல் இருக்கத்தான். அந்தக் கிட்டார் சுக்குச்சுக்காக உடைந்து போய், கெவின் காஃப்மன், ஜிம் ஹாமில்டன் என்ற இருவர் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினார்கள். கொஞ்ச காலத்திலேயே, 1986-இல், நியூயார்க் பூங்கா ஒன்றில் திருடு போனது. மறு வருஷம் அவரும் போய்விட்டார். சுமார் இருபது வருஷம் கழித்து அது தலைகாட்டியபோது யாரிடம் இருக்கவேண்டும் என்று தகராறு. 2010-இல் மெட்டாலிகாவின் ராபர்ட் டுருஹியோ பணம் கொடுத்து மீட்டுக் குடும்பத்துக்கு வழி செய்தார். ஒட்டுப் போட்ட அந்தத் துண்டுகளை ஒருவரும் 'போலி' என்று சொல்லவில்லை. ஒட்டியவர்கள் உடைசலை மறைக்க அல்ல, அவர் நாளைக்கு மேடையேற வேண்டும் என்பதற்காக ஒட்டினார்கள்.

இவற்றுக்கு நேர் எதிர்க்கோடியில், 1995 முதல் ஃபெண்டர் கம்பெனியே புதுக் கிட்டாரைத் தேய்த்து, கீறி, துருவேற்றி 'பழசு' என்று கூடுதல் விலைக்கு விற்கிறது. நம்மூரில் புதுசாக்கத் துடிக்கிறோம், அவர்கள் பழசாக்கத் துடிக்கிறார்கள். இரண்டும் ஒரே நோய் என்று நினைக்கிறேன். இரண்டிலும் வாசிக்கிறவன் இல்லை, பார்க்கிறவன்தான் இருக்கிறான்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது கட்டடங்கள் நினைவுக்கு வராமல் போகாது. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. செல்ஃபி எடுக்கிறவர்களிடம் அது பழைய கட்டடம் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். விழுந்துவிட்டதற்கு வேறு வழி என்ன என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை. என் வருத்தம் விழுவதற்கு முன்னால் போன வருஷங்களைப் பற்றியது. இன்னொரு பக்கம் வைசியாள் வீதி. அங்கே வீடுகளின் முகப்பு, திண்ணை, தாழ்வாரம் ஆகியவற்றை இன்டாக் அமைப்பு சீர்செய்து, 2008-இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் வந்தது. அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், திண்ணையில் உட்கார்கிறார்கள். எனக்கு அது மூட்டு மாற்றிய மிருதங்கம்.

பிரெஞ்சுக்காரர்களிடம் இந்தச் சண்டை பழையது. 19-ஆம் நூற்றாண்டில் வியோலெ-லெ-டுக் என்ற கட்டடக்கலைஞர், ஒரு கட்டடத்தைச் சீரமைப்பது என்றால் எந்தக் காலத்திலும் முழுசாக இருந்திராத ஒரு முழுமைக்கு அதைக் கொண்டுபோவது என்கிற அளவுக்கு வாதிட்டார். ஆங்கிலக் கரையில் ரஸ்கின் 1849-லேயே சீரமைப்பு என்பதே பொய் என்று எழுதிவிட்டார். 1964-இல் வெனிஸில் கூடிய வல்லுநர்கள் நடுவழி ஒன்றைச் சொன்னார்கள்: ஊகம் தொடங்குகிற இடத்தில் வேலை நிற்க வேண்டும் என்று. கிட்டார் பட்டறைச் சுவரில் எழுதிவைக்கலாம். 1971-இல் இந்தக் கிட்டாரின் பொன்னிறம் எந்தச் சாயலில் இருந்தது? பட்டறைக்காரர் இணையத்தில் ஏதோ ஒரு படத்தைப் பார்த்து அடித்திருக்கிறார். ஊகம்.

இதையெல்லாம் மகனிடம் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "அண்ணே, பப்பா வாங்கினப்ப அது புதுசாத்தான இருந்துச்சு? அவரு பளபளன்னுதான் பார்த்திருக்காரு. தேஞ்சது, கருகினது எல்லாம் நமக்குத்தான் கதை. அவருக்கு அது தேஞ்சுபோச்சேன்னு வருத்தம்." வியோலெ-லெ-டுக் பக்கத்தில் எழுதியவர்களில் இவ்வளவு சுருக்கமாக யாரும் வாதிட்டு நான் படித்ததில்லை. அன்றைக்கு எனக்கு வாய் அடைத்தது. இன்றைக்கு யோசித்தால் ஒரு பாதிப் பதில் இருக்கிறது: புதுசாக இருந்தபோது இருந்த பிக்கப்பைக் கழற்றிவிட்டுப் புதுசாக்க முடியாது. பூச்சு விஷயத்தில் அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தேய்மானம் யாருடையது? தேய்த்தவருக்கே அது வேண்டாம் என்றால், வேண்டும் என்று அழ எனக்கு என்ன உரிமை? தொல்பொருள் மோகம் என்று ஒன்று உண்டு. மிஷன் வீதியிலும் மற்ற இடங்களிலும் பர்மா தேக்கு நாற்காலியைத் தடவிப் பார்த்துச் சொக்கிப்போகிற வெளியூர்க்காரர்களைக் கிண்டல் செய்திருக்கிறேன். நானும் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தேனோ என்னவோ.

பிறந்தநாள் அன்றைக்குப் பெரியவரிடம் கொடுத்தார்கள். மடியில் வைத்துப் பார்த்தார், "அழகா இருக்கு" என்றார், நிஜமாகவே மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். ஒயரைச் செருகி நாலு சுரம் தட்டினார். வால்யூமைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பிறகு கேக் வெட்டப் போய்விட்டோம்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அது சுவரில் தொங்கியது. போன வருஷம் மகனே கூப்பிட்டார். "பப்பா அத எடுக்கறதே இல்லண்ணே. எதாவது பண்ண முடியுமா?" பண்ண முடிந்தது கொஞ்சம்தான். பி.யூ. பூச்சைச் சுரண்டினால் இன்னொரு ஊகம்தான் மிஞ்சும் என்பதால் அதைத் தொடவில்லை. பேட்டரி போர்டைக் கழற்றினோம். உயிரோடு இருந்த பழைய பிக்கப்பைக் கழுத்துப் பக்கம் திரும்ப வைத்தோம். இந்த மாடலின் அடையாளமான இரண்டு வால்யூம் திருகு, மூன்று சின்ன ஸ்விட்ச் எல்லாம் பழைய தட்டோடு பெட்டியில் கிடந்தன, சுத்தம் செய்து மாட்டினோம். ஈயம் வைத்தது பக்கத்துத் தெரு சவுண்ட் சர்வீஸ்காரர். மரக் குதிரையை நானே நகர்த்தி நகர்த்திச் சுருதி சேர்த்தேன். ஹோஃப்னரில் குதிரை ஒட்டியிருக்காது, கம்பி அழுத்தத்தில்தான் நிற்கும். இரண்டாவது மெட்டிலும் பதினான்காவது மெட்டிலும் சரியாக வரும்வரை மில்லிமீட்டர் கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி நாள் போனது. தட்டைக் கம்பி மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தாலொழியக் கம்பியை மாற்றவே மாட்டாராம். பெரியவரின் பழைய கம்பியைக் குப்பையில் போட்ட எங்களுக்கு அந்தக் கதை இப்போது உறைக்கிறது. புதுத் தட்டைக் கம்பி மங்குவதற்குச் சில மாதமாவது வாசிக்க வேண்டும்.

பெரியவர் வாசித்துப் பார்த்தார். இந்தத் தடவை வால்யூமைத் தொடவில்லை. இடது உள்ளங்கையை எடுத்து ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் வெறும் கம்பிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டினார். "இப்ப கொஞ்சம் தெரியுது" என்றார். முழங்கையைத் தோள்பட்டையில் வைக்கும்போது மட்டும் அது வழுக்கியது. பி.யூ. அப்படித்தான், வியர்வை பட்டால் வழுக்கும். ஒரு கைக்குட்டையை மடித்து அந்த இடத்தில் போட்டுக்கொண்டார்.

செத்த பிக்கப் இன்னும் ஒரு மோட்டார் காயில் கட்டுகிற கடையில் இருக்கிறது. கடைக்காரர் கம்பியைப் பார்த்துவிட்டு, "இது பம்புசெட்டு கம்பி இல்ல சார், சிலந்தி நூலு" என்றார். அந்த அளவுக் கம்பி ஒரு சுருள் சென்னையிலிருந்து வரவேண்டும். எத்தனை சுற்று என்று பழையதைப் பிரிக்கும்போது எண்ணிச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எண்ணிக்கை கிடைத்தால் இங்கே எழுதுகிறேன்.